இரண்டாவது பிணை

கரைவலை இழுக்க இரண்டு கூட்டம் வேண்டும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். கயிறு முடிந்ததும் வலை, வலைக்கு நடுவில் மீன் சேருகிற பை போன்ற மடி, பிறகு மறுபாதி வலை, மறுபக்கத்துக் கயிறு என்று இறக்கிக்கொண்டே அரைவட்டமாகச் சுற்றி, தள்ளி ஓரிடத்தில் கரையேறும். அதன் பிறகு இரு பக்கமும் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணிவிடும். கோணினால் மீன் மற்றப் பக்கத்தால் போய்விடும்.

1980 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சல்லிக் கடற்கரையில் வடக்குக் கயிற்றில் யோகலிங்கம் நின்றான். கொழும்பிலிருந்து முதல்நாள்தான் வந்திருந்தான். காற்சட்டையைக் கழற்றிவிட்டுத் தகப்பனின் சாரம் ஒன்றைக் கட்டியிருந்தான். முன்னால் தகப்பன் தம்பு, பின்னால் அவன். ஆறு வருடமாகக் கயிறு பிடிக்காத கை இரண்டு பாகம் கயிறு இழுப்பதற்குள் சிவந்துவிட்டது. கரைப் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்தது. கடல் எண்ணெய் பூசினதுபோலக் கிடந்தது.

"லிங்கம், லண்டனிலயும் கரைவலை இருக்கோடா?" என்று முன்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"லண்டன் இல்ல மாமா, ஸ்கொட்லாந்து."

"எல்லாம் ஒரே குளிர்தானே. அங்க என்னத்தைப் படிக்கப்போறாய்?"

"ஆஸ்பத்திரி மிசினுகள்."

"அப்ப டொக்டர் எண்டு சொல்லன்."

"டொக்டர் இல்ல. டொக்டர் பாவிக்கிற மிசினைச் செய்யிறது, திருத்திறது."

"மிசின் பழுதானா டொக்டரே வந்து உன்னட்டத்தான் நிக்கவேணும். இழுடா, டொக்டருக்கு டொக்டர்!"

கயிறு முழுக்கச் சிரித்தது. தம்பு சத்தமில்லாமல் சிரித்தார். ஆனால் அவர் இழுத்த இழுப்பில் தெற்குக் கூட்டம் பிந்திவிட்டது. அங்கிருந்து ஏச்சு வந்தது.

மேலே தெருவில் மூத்தவன் கதிரவேல் சைக்கிளுடன் நின்றான். காற்சட்டைக் காலில் கிளிப் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியைக் கரியரில் கட்டியிருந்தான். நகரத்தில் ஒரு திணைக்களத்துக் கந்தோரில் அவன் எழுதுவினைஞன். என்ன பேசுகிறார்கள் என்பது அவனுக்குக் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

"பெரியவன், ஒரு கை குடுத்திட்டுப் போவன்!" என்று தம்பு கத்தினார்.

"கந்தோருக்கு நேரமாச்சு அப்பா."

நேரமாகவில்லை. சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும் அவன் மெதுவாகத்தான் மிதித்தான்.

யோகலிங்கம் வந்த காரியம் என்னவென்று சொல்லவேண்டும். பேராதனையில் பொறியியல் முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிகளின் கருவிகளைப் பராமரிக்கும் அரசாங்கப் பகுதி ஒன்றில் அவன் வேலை பார்த்தான். அப்போதுதான் மருத்துவப் பொறியியலில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. பொறியியலாளர்களுக்கு அந்தத் துறையில் பணம் கொடுத்துப் படிக்க அனுப்புவது அன்றைக்கு அபூர்வம். ஆனால் அரசாங்க ஊழியன் ஒருவன் வெளியே போய்ப் படிப்பதாக இருந்தால், பணத்தை யார் கொடுத்தாலும், திரும்பி வந்து இவ்வளவு காலம் வேலை செய்வேன் என்று பிணைமுறி எழுதவேண்டும். நிரந்தர வேலையில் உள்ள இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும். போனவன் வராவிட்டால் பிணை நின்றவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டு விழும். முதல் பிணைக்கு யோகலிங்கத்தின் மேலதிகாரி ஒருவர் கொழும்பிலேயே ஒப்பம் வைத்துவிட்டார். இரண்டாவது, வழக்கத்தின்படி, குடும்பத்து ஆள். தம்புவால் ஏலாது. அவருக்குச் சம்பளமில்லை, குடியிருக்கும் கடற்கரை நிலத்துக்கு உறுதிப் பத்திரமும் இல்லை. குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் எடுக்கிற மற்ற ஒரே ஆள் கதிரவேல். வெள்ளிக்கிழமை காலை பிணைமுறி கொழும்பில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும்.

கதிரவேல் மறுக்கவில்லை. திங்கட்கிழமை இரவு, "வாசிச்சுப் பாக்கவேணும். நாளைக்குப் பாப்பம்" என்றான்.

செவ்வாய் மாலை குசினியில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கதிரவேலின் மனைவி புஸ்பராணி புட்டும் சூடைமீன் சொதியும் வைத்திருந்தாள். தம்பு புட்டைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

"சின்னவன், என்ன மிசின் எண்டு எனக்கு ஒழுங்காச் சொல்லு. நாளைக்குக் கரையில கேப்பாங்கள்."

யோகலிங்கம் கையிலிருந்த புட்டைத் திரும்பவும் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் அவனுக்குப் பசி போய்விடும்.

"கன மிசின் இருக்கு அப்பா. நான் படிக்கப்போறது சிறுநீரக மிசின். சிறுநீரகம் பழுதான ஆளுக்கு ரத்தத்தில அழுக்குச் சேரும். அந்த ரத்தத்தை வெளியில எடுத்து மெல்லிய குழாய்க்குள்ளால விடுறது. சொக்கலேட் சுத்தி வாற கண்ணாடிப் பேப்பர் மாதிரிக் குழாய். அதில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. குழாய்க்கு வெளியில தண்ணி. அழுக்கு சின்னச் சாமான், ஓட்டையால தண்ணிக்குள்ள போயிடும். ரத்தத்தில இருக்கிற பெரிய சாமான் போக ஏலாது. துப்பரவான ரத்தம் திரும்ப உடம்புக்கு."

தம்பு யோசித்தார். "மடிக்கண்ணிதானே. சின்னது போயிடும், பெரிசு நிக்கும்."

"அதேதான் அப்பா!"

"இதுக்கு ஸ்கொட்லாந்துக்குப் போகவேணுமோ? நான் சொல்லித்தந்திருப்பனே."

புஸ்பராணி சிரித்துவிட்டுச் சொதிச் சட்டியை நகர்த்தினாள். கதிரவேல் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உப்பு?" என்றான்.

"என்ன அண்ணா?"

"ரத்தத்தில உப்புக் கிடக்குத்தானே. அதுவும் சின்னச் சாமான். அழுக்குப் போற ஓட்டையால உப்பும் போயிடும். உப்பு முழுக்கப் போனா ஆள் தப்புமோ?"

யோகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அண்ணா, இதைத்தான் இன்டர்வியூவில கேட்டவங்கள்! நான் முழிச்சுக்கொண்டு இருந்தனான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது. வெளியில இருக்கிற தண்ணியிலயும் அதே அளவு உப்பைக் கரைச்சு வைக்கவேணும். ரெண்டு பக்கமும் சமன் எண்டா, போற அளவு வந்துகொண்டிருக்கும். அழுக்கு மட்டும் அந்தப் பக்கம் இல்ல. அதால அது ஒரு வழியாப் போயிடும்."

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். கதிரவேல் மிச்சப் புட்டைக் கோப்பை ஓரத்துக்குத் தள்ளினான். சாப்பிட்டுக்கொண்டே தனக்குத் தோன்றிய கேள்வி அது. அதற்கு முன்னால் முழித்துக்கொண்டு இருந்தவனுக்குக் கப்பலேறக் கிடைக்கிறது. எழுந்து கை கழுவப் போனான்.

கிணற்றடிக்குப் புஸ்பராணி பின்னால் வந்தாள். சட்டியைக் கழுவுகிற சாட்டு.

"இஞ்சருங்கோ, அந்தப் பேப்பரில ஒப்பம் வைக்கேல்லையோ இன்னும்?"

"வாசிக்கிறன்."

"ரெண்டு நாளா வாசிக்க அது என்ன புராணமோ?"

"விளங்காமக் கதைக்காத. அவன் வராட்டி என்ர சம்பளத்தில வெட்டுவாங்கள். எத்தினை பேர் போய்த் திரும்பி வந்தவங்கள்? எங்கட கந்தோரிலயே ஒருத்தர் மச்சானுக்குப் பிணை நிண்டு இப்ப அரைச் சம்பளம் எடுக்கிறார்."

"போன மாசம் உங்கட கந்தோர்ப் பியோன் சைக்கிள் கடன் எடுத்தவர். நீங்கள்தானே பிணை. பேப்பரைத் திருப்பிக்கூடப் பாக்கேல்ல எண்டு நீங்களே சொன்னனீங்கள்."

"அது சைக்கிள்."

"ஓம். அவர் சைக்கிள் வாங்கினா உங்களுக்கு எரியாது."

கதிரவேல் வாளியைக் கிணற்றுக் கட்டில் சத்தமாக வைத்தான். அவள் சட்டியைத் தேய்த்தாள். அவள் சொன்னது சரி என்பதை வாளிச் சத்தம் சொல்லிவிட்டது.

எரிந்தது உண்மை. எரிவதற்குக் காரணமும் இருந்தது. சின்ன வயதில் கெட்டிக்காரன் கதிரவேல்தான் என்பதில் சல்லியில் யாருக்கும் சந்தேகமில்லை. நல்ல வாத்திமார் யாழ்ப்பாணத்தில்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். தம்புவால் ஒருவனைத்தான் அனுப்ப முடியும். மூத்தவனை அனுப்பி விடுதியில் விட்டார். இளையவன் திருக்கோணமலை நகரத்திலேயே படித்தான். பல்கலைக்கழகச் சோதனையில் கதிரவேல் முதல் தடவை கொஞ்சத்தில் தவறினான். வீட்டுக்கு வந்து படிக்கட்டுமா என்று கேட்டபோது, "அங்கயே இரு, நல்ல வாத்திமாரை விட்டிட்டு வராத" என்று தம்பு சொல்லிவிட்டார். இரண்டாம் தடவை அவன் சோதனை எழுதிய அதே வருடம் யோகலிங்கம் முதல் தடவை எழுதினான்.

அந்த வருடம்தான் பல்கலைக்கழக இடங்களை மாவட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் போட்டி அதிகம், அதனால் அங்கே வெட்டுப்புள்ளி உயரம். திருக்கோணமலை பின்தங்கிய மாவட்டம், வெட்டுப்புள்ளி தாழ்வு. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தான் என்பதே கணக்கு. எந்தக் கடற்கரையில் பிறந்தான் என்பதல்ல. கதிரவேலுக்குத் தம்பியைவிடப் பதினொரு புள்ளி கூட. தம்பி பேராதனைக்குப் போனான். கதிரவேல் எழுதுவினைஞர் சோதனை எழுதினான்.

யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அதுதான் கதிரவேலுக்குத் தாங்க முடியாதது. கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால் ஆறியிருக்கும்.

புதன்கிழமை அவன் இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தான். கந்தோரில் கணக்கு முடிக்கவேண்டியிருந்தது என்றான். யோகலிங்கம் பிணைமுறியை மேசையில் விரித்து, பக்கத்தில் ஒரு பேனையையும் வைத்திருந்தான். கதிரவேல் மேசைப் பக்கம் போகவே இல்லை. தலையிடி என்று படுத்துவிட்டான்.

வியாழக்கிழமை பத்து மணியளவில் பியோன் வந்து, வாசலில் ஒரு பெரியவர் நிற்கிறார் என்றான். தம்பு. வெள்ளைச் சேட்டுப் போட்டு, தோளில் சால்வையோடு, மதிலோரம் வெயிலில் நின்றார். மகன் இந்தக் கந்தோருக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் வாசல் வரை வந்தது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, ஆருக்கும் சுகமில்லையோ?"

"அப்பிடி ஒண்டுமில்ல. மீன் குடுக்க வந்தனான். உனக்குச் சொல்லிட்டுப் போவம் எண்டு வந்தன். சின்னவன் காலையில கிண்ணியாவுக்குப் போயிட்டான். தாஹிர் வாத்தி பிணை நிக்கிறாராம். ஒப்பம் வைச்சவுடன இரவு றெயிலில கொழும்புக்குப் போறானாம்."

"எந்தத் தாஹிர்?"

"இவனோட ஒண்டாப் படிச்சவர். வீட்டுக்கும் வந்திருக்கிறார். கணக்குப் படிப்பிக்கிறார், அரசாங்கச் சம்பளம்தானே. நேத்து டவுனில கண்டவனாம், கேட்ட உடன ஓமெண்டிட்டாராம்." தம்பு சால்வையால் கழுத்தைத் துடைத்தார். "இனி நீ யோசியாத. உனக்கும் கரைச்சல் இல்லாமப் போச்சு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். குத்திச் சொல்ல அவருக்குத் தெரியாது. மதிலில் சாத்தியிருந்த தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதிரவேல் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தான். திறந்திருந்த கோவையில் ஒரு வரிகூடத் தலைக்குள் ஏறவில்லை. நிம்மதி வரவேண்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. வந்தது முந்தினதைவிட மோசமான எரிச்சல். தம்பியின் பெயர் போட்ட தாளில், அண்ணன் பெயர் இருக்கவேண்டிய கோட்டில், பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்து படித்த ஒருவனின் பெயர். கேட்ட உடன் ஓமென்றானாம்! அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு ஓடினான்.

பஸ் சீனன்குடாவைத் தாண்டித் துறையடி வரைக்கும்தான் போகும். அங்கிருந்து கிண்ணியாவுக்கு மிதவையில் கடக்கவேண்டும். வாகனம் ஏற்றுகிற அந்த மிதவையைப் பாதை என்பார்கள். தட்டையான பலகைத் தளம், அதன் ஒரு பக்கத்தில் கட்டிய மோட்டர் படகு. படகு ஒரு பக்கத்திலிருந்து தள்ளுவதால் பாதை நேராகப் போகாது, சுழலப் பார்க்கும். அதனால் ஓட்டுகிறவர் மிதவையின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வேறெங்கோ போவதுபோலப் போய்த்தான் மறுகரைத் துறையில் சேர்ப்பார். புதிதாக ஏறுகிறவர்கள் பயப்படுவார்கள். கதிரவேல் ஒரு நெல் லொறிக்கும் எருமைக் கன்றுக்கும் நடுவில் நின்று, இன்னும் வேகமாகப் போக ஏலாதோ என்று இரண்டு தடவை கேட்டான். "இறங்கித் தள்ளுறீங்களா தம்பி?" என்றார் ஓட்டுகிறவர்.

தாஹிரின் வீட்டு விறாந்தையில் யோகலிங்கமும் தாஹிரும் எருமைத் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் பிணைமுறி கிடந்தது. கதிரவேலைக் கண்டதும் யோகலிங்கம் எழுந்துவிட்டான்.

"அட, காக்கா! வாங்க வாங்க. அசனா, இன்னொரு கோப்பை கொண்டு வா புள்ள," என்றான் தாஹிர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "வேர்த்து ஊத்துது, ஓடியா வந்தீங்க?"

"ஒப்பம் வைச்சாச்சோ?"

"எங்க வைக்கிற. சமாதான நீதவானுக்கு முன்னாலதான் வைக்கணும். இஞ்ச அது கலீலுர் றஹ்மான் மாஸ்டர். வயலுக்குப் போய் இப்பத்தான் வந்து குளிக்கிறாராம். நீங்க தயிரச் சாப்பிடுங்க."

"நான் வைக்கிறன்," என்றான் கதிரவேல்.

தாஹிர் யோகலிங்கத்தைப் பார்த்தான். யோகலிங்கம் தயிரைப் பார்த்தான்.

"நீங்க மாட்டீங்க எண்டுதானே இவன் இஞ்ச வந்த?" என்று தாஹிர் கேட்டான்.

"நான் எப்ப மாட்டன் எண்டனான்? கேட்டுப் பாருங்கோ. மாட்டன் எண்ட சொல் என்ர வாயால வந்ததோ?"

"ஓமெண்ட சொல்லும் வரேல்ல அண்ணா," என்றான் யோகலிங்கம் மெதுவாக.

தாஹிரின் மனைவி அசனா தயிரை வைத்துவிட்டு, சீனிப் போத்தலையும் நகர்த்திவிட்டு உள்ளே போனாள். கதிரவேல் கோப்பையைத் தொடவில்லை. தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ போறது எனக்குப் பிடிக்கேல்ல. அது உனக்குத் தெரியும். ஆனா வேற ஆள் உனக்குப் பிணை நிக்கிறது அதைவிடப் பிடிக்கேல்ல."

தாஹிர் சிரித்தான். "அல்லாஹ், நல்ல குடும்பமப்பா. எனக்கென்ன, எண்ட சம்பளம் தப்பிச்சு. தயிரச் சாப்பிட்டுட்டாவது சண்டை பிடிங்க."

சமாதான நீதவானின் வீட்டுக்கு நடக்கிறபோது தாஹிர் முன்னால் போனான். குறுகிய ஒழுங்கையின் இருபக்கமும் கிடுகு வேலி, கீழே சுடுமணல். யோகலிங்கம் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணா, ஒண்டு சொல்லவேணும். வைக்கிறதுக்கு முந்தி. தாஹிருக்குக் கட்டாயம் திரும்பி வருவன் எண்டு சொன்னனான்."

"வருவாய்தானே?"

"தெரியாது." அவன் அண்ணனின் கையை விட்டான். "இஞ்ச அந்த மிசின் எத்தினை இருக்கு? வந்தா திரும்பப் பழைய எக்ஸ்ரே மிசினுக்கு வயர் மாத்திறதுதான் வேலை. வரத்தான் நினைக்கிறன். ஆனா சத்தியம் பண்ண ஏலாது. உங்களுக்குப் பொய் சொல்ல வாய் வரேல்ல. அதுதான் திங்கட்கிழமையிலிருந்து நானும் வற்புறுத்தேல்ல."

கதிரவேல் முன்னால் போகிற தாஹிரின் முதுகைப் பார்த்தான். வெள்ளைச் சேட்டு, நல்ல மனிதனின் முதுகு. அவனிடம் சொல்லாததைத் தம்பி தன்னிடம் சொல்லியிருக்கிறான். அது கதிரவேலுக்குப் பிடித்திருந்தது. சம்பளத்தில் வெட்டு விழப்போகிற இடத்தில் நின்றுகொண்டு இதற்குச் சந்தோசப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நட," என்றான்.

கலீலுர் றஹ்மான் மாஸ்டர் ஈரத் தலையோடு மேசைக்கு முன்னால் இருந்தார். பிணைமுறியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். வந்தவர்கள் நிற்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஆரு பிணை?"

"நான்தான் ஐயா. கதிரவேல். இவரின்ர அண்ணன்."

"வாசிச்சீங்களா? தம்பி வராட்டி என்ன நடக்கும் எண்டு விளங்கினதா?"

"விளங்கினது."

"உங்கட சொந்த விருப்பத்தோடதானே வைக்கிறீங்க? நான் கேக்கணும். கேட்டு, நீங்க ஓமெண்டு சொன்னாத்தான் நான் முத்திரை குத்தலாம்."

கதிரவேல் பேனையின் மூடியைக் கழற்றினான். வேலிக்கு அப்பால் யாரோ நெல் தூற்றுகிற சத்தம் கேட்டது.

"விருப்பமில்லை ஐயா. ஆனா வைக்கிறன்."

கலீலுர் றஹ்மான் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அப்பிடி ஒரு பதில் இதில இல்ல. விருப்பம், இல்லாட்டி விருப்பமில்ல. ரெண்டில ஒண்டு. இல்லையெண்டா எழும்புங்க, தாஹிர் இருக்கட்டும்."

தாஹிர் ஓரடி முன்னால் வந்தான், உதவி செய்கிற அவசரத்தில். யோகலிங்கம் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணனின் முகத்தைப் பார்த்துப் பதிலை வாங்க அவன் விரும்பவில்லை.

"விருப்பம்," என்றான் கதிரவேல்.

"சத்தமாச் சொல்லுங்க, சாட்சி நிக்கிற தாஹிருக்கும் கேக்கணும்."

"விருப்பம் ஐயா!"

அவன் ஒப்பமிட்டான். மாஸ்டர் ஒப்பமிட்டு, முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றிக் குத்தினார். மை காயவேண்டுமென்று தாளை மேசையிலேயே விட்டார். கதிரவேல் குனிந்து, அதனோடு இணைத்திருந்த மற்றத் தாளை வாசிக்கத் தொடங்கினான். புலமைப்பரிசில் கொடுக்கிறவர்கள் என்னென்ன தருவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவு நாளும் அந்தத் தாளை அவன் புரட்டவே இல்லை.

"குளிருடுப்புக்கும் காசு தாறாங்களோ?" என்று கேட்டான்.

"ஓம் அண்ணா. ஒரு கோட்டுக்கு."

"சப்பாத்துக்கும்?"

"ஓம்."

"புத்தகத்துக்கு வேற?"

"ஓம்."

கதிரவேல் விரலை வரி வரியாக இறக்கிக்கொண்டு போனான். கடைசி வரியில் நின்று, திரும்ப மேலே போய், மறுபடி இறங்கினான்.

"கையுறை இதில இல்ல."

யோகலிங்கம் சிரிக்கத் தொடங்கினான். அண்ணன் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். "அதெல்லாம் வேறயா எழுதமாட்டாங்கள் அண்ணா."

"எழுதியிருக்கவேணும்," என்றான் கதிரவேல். "அந்தக் குளிருக்குள்ள நிண்டு மிசின் திருத்திறவனுக்குக் கை விறைச்சா என்ன செய்யிறது?"